காடும் வீட்டு அடுப்பும்: மதுரை வட்டார மலையடிவாரக் கிராமங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலிருந்து எந்தத் திசையில் பேருந்து ஏறினாலும் சிறிது நேரத்தில் ஒரு மலையோ கரடோ கண்ணில் படும். வடக்கே அழகர் மலையும் நத்தம் பக்கத்துக் குன்றுகளும் சிறுமலையும், மேற்கே நாகமலையும், உசிலம்பட்டியைத் தாண்டினால் எழுமலை, சாப்டூர்ப் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலையும் இருக்கின்றன. இவற்றின் அடிவாரத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு விறகு, தழை, தேன், நெல்லி, கடுக்காய், ஈச்சம் ஓலை, மூலிகை, மேய்ச்சல் என்று ஏதோ ஒரு வகையில் காட்டோடு தொடர்பு இன்றும் அறுபடவில்லை. அப்படியொரு ஊரில் வளர்ந்தவள் நான். சில ஆண்டுகளாகக் கிராம சபை மனுக்களும் வன உரிமை விண்ணப்பங்களும் எழுத உதவி வருகிறேன். ஊர்ப் பொதுவிடமான மந்தையில் உட்கார்ந்து பேசும்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், நான் அறிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். காட்டை நம்பி வாழும் குடும்பம் தன் உரிமையை எழுத்தில் பெற வேண்டும், எவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்பையும் அந்த ஊரே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பதில்கள் எல்லாம் அந்தக் கருத்திலிருந்தே எழுதப்பட்டவை.

காட்டில் காய்ந்து விழுந்து கிடக்கும் சுள்ளியைப் பொறுக்கினால் அது குற்றமா?

அது எந்த நிலம் என்பதைப் பொறுத்தது. காப்புக்காடு என்று அறிவிக்கப்பட்ட பகுதிக்கு 1882-ஆம் ஆண்டின் வனச்சட்டம் பொருந்தும். ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாணத்துக்காக இயற்றப்பட்ட அந்தச் சட்டம் இன்று தமிழ்நாடு வனச்சட்டம் என்ற பெயரில் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, காப்புக்காட்டிலிருந்து எந்த வனப்பொருளையும் அனுமதியில்லாமல் எடுப்பது, உள்ளே கால்நடையை மேய விடுவது, தீ மூட்டுவது, மரத்தை வெட்டுவது அல்லது பட்டை உரிப்பது ஆகிய அனைத்தும் தடை செய்யப்பட்டவை. எழுத்தின்படி பார்த்தால் காய்ந்த சுள்ளியும் வனப்பொருள்தான். நடைமுறையில் பல ஊர்களில் தலைச்சுமையாக எடுத்து வரும் காய்ந்த விறகை வனக்காப்பாளர்கள் கண்டுகொள்வதில்லை. ஆனால் கண்டுகொள்ளாமல் விடுவது வேறு, உரிமை என்பது வேறு. ஆள் மாறினால் வழக்கமும் மாறிவிடும். முந்தைய வாரம் வரை சிரித்துப் பேசி அனுப்பியவர் இடம் மாறிப் போன மறுநாளே, புதிதாக வந்தவர் விறகுக் கட்டை இறக்கச் சொல்லிப் பன்னரிவாளையும் பிடுங்கி வைத்துக்கொண்ட நிகழ்ச்சியை நானே நேரில் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்கள் வெறும் சும்மாட்டோடு ஊர் திரும்பினார்கள்.

இந்த நிலையற்ற வழக்கத்தை உறுதியான உரிமையாக மாற்றுவதற்கு இன்று இருக்கும் வழி 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

எது காப்புக்காடு, எது புறம்போக்கு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் அ-பதிவேட்டில் புல எண்ணைச் சொல்லிப் பாருங்கள். நிலத்தின் வகை அதில் இருக்கும். காட்டின் எல்லையில் வனத்துறை வைத்த கற்குவியல்கள் பல இடங்களில் இன்னும் நிற்கின்றன. ஊர்ப் பெரியவர்களுக்கு அவை எங்கே இருக்கின்றன என்பது தெரியும். கரட்டை ஒட்டிய நிலம் எல்லாம் வனத்துறையுடையது என்று நினைத்து ஊர் தன் மேய்ச்சல் புறம்போக்கையே விட்டுக்கொடுத்த இடங்கள் உண்டு. ஆகவே முதலில் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

எல்லா வீட்டிலும் கேஸ் அடுப்பு வந்துவிட்டதே, இன்னும் ஏன் விறகுக்குப் போகிறார்கள்?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் நகரத்திலிருந்து வருபவர்கள்தான் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 2006-க்குப் பிறகு மாநில அரசு இலவச எரிவாயு அடுப்புகளை வழங்கியது. 2016-இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. அடுப்பு வந்தது உண்மை. அதனால் பெண்களின் கண்ணும் நெஞ்சும் புகையிலிருந்து தப்பியதும் உண்மை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சிலிண்டரை நிரப்புவதற்கு ஒரே தவணையில் கையில் பணம் வேண்டும். நூறு நாள் வேலையின் கூலி வங்கிக் கணக்கில் ஏறும் வரை காத்திருக்கும் வீட்டில், சிலிண்டர் விருந்தாளி வரும் நாளுக்கும் காலைக் காப்பிக்கும் என்று ஒதுக்கி வைக்கப்படுகிறது. குளிக்க வெந்நீர், மாட்டுக்குப் பருத்திக்கொட்டைக் கஞ்சி, நெல் அவிப்பது, கோயில் கொடைக்குப் பெரும்பாத்திரத்தில் பொங்குவது ஆகிய எல்லாவற்றையும் விறகுதான் தாங்குகிறது.

விறகு எடுப்பது அறிவில்லாமல் செய்யும் வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் உடன் சென்று பார்க்க வேண்டும். எங்கள் அப்பத்தா விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். இடுப்பில் பன்னரிவாள், கையில் தொரட்டி, தூக்குவாளியில் நீராகாரம். பச்சைக் கிளையை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. குச்சியை இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பார்ப்பார். பட்டென்று முறிந்தால் எடுப்பார், நார் விட்டு வளைந்தால் அப்படியே கீழே போட்டுவிடுவார். விடத்தலை நின்று எரியும் என்றும், உசிலை தீ பிடிக்கச் சற்று நேரமானாலும் தணல் நிற்கும் என்றும், வேம்பு புகையும் என்றும் ஒவ்வொரு மரத்தையும் அடுப்பின் கணக்கில் அவருக்குத் தெரிந்திருந்தது. பொந்து விழுந்த பட்டமரத்தில் கிளியோ ஆந்தையோ குடியிருக்கும் என்பதால் அதைச் சாய்க்க விடமாட்டார். காட்டியல் படித்தவர்கள் பட்டமரத்தின் பயனை இன்று விளக்கும்போது எனக்கு அவர் நினைவுதான் வருகிறது.

அதே வேளையில், ஊரில் ஆள் பெருகி, விறகை ஆட்டோவில் ஏற்றி டீக்கடைக்கும் செங்கல் சூளைக்கும் அனுப்பும் நிலை வந்தால் அந்தப் பழைய ஒழுங்கு செல்லாது. வீட்டுக்குத் தலைச்சுமையாக எடுப்பதற்கும் வண்டியில் ஏற்றுவதற்கும் இடையே ஊர் ஒரு கோடு கிழித்தே ஆக வேண்டும்.

வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்கு மட்டும்தானா? எங்களைப் போன்ற மற்றச் சமூகத்தினருக்கு அதில் இடம் இல்லையா?

இடம் உண்டு, ஆனால் மெய்ப்பிக்க வேண்டியது அதிகம். சட்டத்தின் முழுப் பெயரிலேயே பட்டியல் பழங்குடியினர் மட்டுமன்றி ‘இதரப் பாரம்பரிய வனவாசிகள்’ என்பதும் சேர்ந்தே இருக்கிறது. சிறுமலையிலும் சதுரகிரி, வருசநாட்டு மலைகளிலும் வாழும் பளியர் போன்ற பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-ஆம் தேதிக்கு முன்பிருந்தே காட்டைச் சார்ந்து வாழ்ந்திருந்தால் போதும். மற்றச் சமூகத்தினர் அந்தத் தேதிக்கு முன்பு 3 தலைமுறைகளாக அப்படி வாழ்ந்து வந்ததைக் காட்ட வேண்டும். ஒரு தலைமுறை என்பதைச் சட்டம் 25 ஆண்டுகள் என்று கணக்கிடுகிறது. ஆக, 75 ஆண்டு வரலாற்றைக் காட்ட வேண்டியிருக்கிறது. காட்டுக்கு உள்ளேயே வீடு இருந்தாக வேண்டும் என்பதில்லை, காட்டின் ஓரத்தில் குடியிருந்து அதை நம்பிப் பிழைப்பவர்களும் இதில் அடங்குவார்கள் என்று பழங்குடியினர் நல அமைச்சகம் 2008-இலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. நம் அடிவாரக் கிராமங்களுக்கு இந்த விளக்கம் மிகவும் முக்கியமானது.

உரிமைகளில் தனிநபருடையவையும் உண்டு, ஊருக்குப் பொதுவானவையும் உண்டு. தனிநபராக உழுது வரும் நிலத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமைச் சீட்டு பெறலாம். திருமணமானவர்களுக்கு அது கணவன், மனைவி இருவர் பெயரிலும் வழங்கப்படும். பிள்ளைகளுக்குச் சேரும், ஆனால் விற்க முடியாது. மதுரை வட்டாரத்தில் நான் கூடுதலாக வலியுறுத்துவது ஊர்ப் பொது உரிமையைத்தான். மூங்கில், புதர்க்குச்சி, அடிக்கட்டை, தேன், மெழுகு, மூலிகை, வேர், கிழங்கு ஆகிய சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் சட்டம் உரிமை தருகிறது. மேய்ச்சலுக்கும் நீர்நிலைகளில் மீன் பிடிப்பதற்கும்கூட இதில் வழி இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, தாங்கள் வழக்கமாகப் பயன்படுத்தி வரும் காட்டுப் பகுதியைக் காக்கவும் நிர்வகிக்கவும் ஒரு ஊர் உரிமை கேட்கலாம். இதை ‘சமூக வன வள உரிமை’ என்கிறார்கள். எடுப்பதற்கு மட்டும் கேட்கும் ஊரைவிட, காப்பதற்கும் சேர்த்துக் கேட்கும் ஊர்தான் நாளைக்கும் அந்தக் காட்டை வைத்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

அப்படியானால் நம் பக்கத்தில் இது ஏன் இத்தனை காலம் பேசப்படவே இல்லை?

சட்டம் 2008 தொடக்கத்தில் விதிகளோடு நடைமுறைக்கு வந்தாலும், அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஓர் இடைக்கால ஆணையால், தமிழ்நாட்டில் நீதிமன்ற அனுமதியின்றி உரிமைச் சீட்டு வழங்க முடியாத நிலை இருந்தது. உச்ச நீதிமன்றம் 2016-இல் அந்தத் தடையை நீக்கியது. அதற்குள் 8 ஆண்டுகள் போய்விட்டன. சாட்சி சொல்லக்கூடிய முதியவர்கள் பலர் அந்த இடைவெளியில் மறைந்துபோனார்கள். இந்த இழப்பு எந்தக் கோப்பிலும் ஏறாது. இன்று உயிரோடு இருக்கும் பெரியவர்களின் வாக்குமூலத்தை உடனே எழுதி வாங்குங்கள் என்று ஊர் ஊராக நான் கெஞ்சுவதற்கு இதுவே காரணம்.

விண்ணப்பம் எங்கே தொடங்குகிறது? யாரைப் போய்ப் பார்க்க வேண்டும்?

முதலில் போக வேண்டிய இடம் உங்கள் ஊர்க் கிராம சபை. ஆட்சியர் அலுவலகமும் வனச்சரக அலுவலகமும் அதற்குப் பிறகுதான். கிராம சபை கூடி, 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். பழங்குடியினர் வாழும் ஊராக இருந்தால் மூன்றில் இரு பங்கினர் அவர்களாக இருக்க வேண்டும். கூட்டத்துக்கு உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும் என்பது விதி. வழக்கமான கிராம சபை நாள்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கலைந்துவிடும் பழக்கம் இதில் உதவாது.

தனிநபர் நிலம், ஊர்ப் பொது உரிமை, சமூக வன வள உரிமை ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் படிவங்கள் உள்ளன. குழு நேரில் சென்று பார்த்து, எல்லையைக் குறித்து, வரைபடம் வரைந்து, கிராம சபையின் தீர்மானத்தோடு அனுப்பும். அது கோட்டாட்சியர் தலைமையிலான குழுவுக்கும், பிறகு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவுக்கும் செல்லும். கிராம சபையின் முடிவை ஏற்காதவர் 60 நாள்களுக்குள் மேல்குழுவிடம் முறையிடலாம். விசாரணை முழுவதும் முடிந்து உரிமை முடிவாகும் வரை, காட்டில் குடியிருப்பவர்களையோ உழுபவர்களையோ வெளியேற்றக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

சான்றுக்கு எங்கே போவது? எங்களிடம் பழைய காகிதம் எதுவும் இல்லையே.

காகிதம் மட்டுமே சான்று என்று விதிகள் சொல்லவில்லை. குறைந்தது இரண்டு வகைச் சான்றுகள் வேண்டும். வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது, அரசிதழ் ஆகியவை ஒரு வகை. பழைய கிணறு, இடுகாடு, காட்டுக்குள் இருக்கும் கோயில் ஆகிய கண்ணால் பார்க்கக்கூடிய தடயங்கள் இன்னொரு வகை. விண்ணப்பதாரர் அல்லாத பெரியவர்கள் சொல்லி எழுதி வாங்கிய வாக்குமூலமும் செல்லும். நம் பக்கத்தில் மலைக்குள் முனியாண்டியோ கருப்பசாமியோ கன்னிமாரோ இல்லாத ஊரைக் காண்பது அரிது. ஆண்டுக்கு ஒருமுறை பொங்கல் வைக்கப் போகும் அந்த இடமும், போகும் பாதையும், வழியில் இருக்கும் சுனையும், அந்தச் சுனைக்கு ஊரார் வைத்த பெயரும் சான்றுகளே. ஒரு கூட்டத்தில் முதியவர் ஒருவர் மலையில் உள்ள பாறைகள், ஓடைகள், திட்டுகள் ஆகியவற்றின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போக, பள்ளி மாணவி ஒருத்தி அவற்றை நோட்டில் எழுதினாள். இரண்டு பக்கம் நிரம்பியது. வரைபடத்தில் வெறும் பச்சை நிறமாக இருந்த இடம் அது.

ஆடு மாடுகளைக் காட்டில் மேய்க்கலாமா? நீதிமன்றம் தடை விதித்துவிட்டதாகச் சொல்கிறார்களே.

சென்னை உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் தமிழ்நாட்டின் எல்லாக் காடுகளிலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அதே மாதத்தில் அந்த ஆணை திருத்தப்பட்டு, தடை தேசியப் பூங்கா, வனவிலங்குச் சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. ஆகவே சாப்டூர்ப் பக்கத்துக் காடுகளுக்கும் அழகர் மலைப் பக்கத்துக் காப்புக்காட்டுக்கும் நிலைமை ஒன்றல்ல. திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. 1,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்புள்ள அதன் ஒரு பகுதி மதுரை மாவட்டத்துச் சாப்டூர் மலையிலும் இருக்கிறது. அங்கே கட்டுப்பாடு கடுமையானது. காப்பகத்துக்கு வெளியே உள்ள காப்புக்காட்டிலும், முன்பு சொன்னபடி, அனுமதியோ ஏற்கப்பட்ட உரிமையோ இல்லாமல் மேய்ப்பது வனச்சட்டப்படி குற்றமாகவே கருதப்படும்.

கிடை மாடு வைத்திருப்பவர்களின் நிலை இதில் தனியே பேசத்தக்கது. புலிக்குளம் மாடு மதுரை, சிவகங்கை வட்டாரத்துக்கே உரியது. அது கட்டுத்தறியில் வளரும் இனம் அல்ல. நூற்றுக்கணக்கில் மந்தையாகக் கிளம்பி, அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டு, சாணமும் கோமியமும் நிலத்துக்கு உரமாக, அதற்குக் கூலியாக நெல்லோ பணமோ பெற்று, மழைக்காலத்தில் வயல்களில் பயிர் நிற்கும்போது கரடுகளையும் மலையோரத்தையும் தேடிப் போகும். அந்த மழைக்கால மேய்ச்சல் இடம் அடைபட்டால் கிடை கலையும். கிடை கலைந்தால் மாட்டு இனமே சுருங்கும். வாடிவாசலில் புலிக்குளம் காளையைக் கொண்டாடும் மதுரை, அதன் தாய்ப்பசு எங்கே மேய்கிறது என்பதையும் கவலையோடு கேட்க வேண்டும். இடம் பெயர்ந்து மேய்ப்பவர்களின் பருவகால உரிமையை வன உரிமைச் சட்டம் பெயர் சொல்லியே ஏற்றிருக்கிறது. கிடையை நடத்திச் செல்லும் கீதாரிகள் தாங்கள் போகும் பாதையையும் கிடை போடும் இடங்களையும் மாதவாரியாக எழுதி, வழியில் உள்ள ஊர்களின் கிராம சபைகளில் விண்ணப்பிக்க வேண்டும்.

ஆடு மேய்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழை பெய்து புதுத் தளிர் விடும் முதல் சில வாரங்களுக்கு ஆட்டைக் கரட்டில் ஏற்ற வேண்டாம். வெள்ளாடு தளிரைக் கடித்துவிட்டால் அந்த மரக்கன்று அந்த ஆண்டு தலையெடுக்காது.

தேன் எடுப்பதில் எது சரி, எது தவறு?

நம் காடுகளில் மலைத்தேனீ, அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ என நான்கு வகைகள் உண்டு. மலைத்தேனீ பாறைச் சரிவிலும் உயர்ந்த மரத்திலும் ஒற்றை அடையாகத் தொங்கும். கட்டுப்பாடு தேவைப்படுவது அதை எடுப்பதில்தான். அடையின் மேல் பகுதியில் தேன் தடித்து நிற்கும், கீழே புழுவும் முட்டையும் இருக்கும். பளியர் சமூகத்தில் தேன் எடுக்கும் அனுபவமுள்ளவர்கள் பச்சைத்தழையைப் புகைய வைத்து ஈயை விலக்கி, தேன் நிறைந்த பகுதியை மட்டும் அறுத்து, புழு அடையை அப்படியே விட்டுவிடுவார்கள். தீப்பந்தத்தைக் காட்டி ஈயைக் கருக்கி, முழு அடையையும் பிடுங்கி, புழுவோடு சேர்த்துப் பிழிபவர்கள் புதிதாக இத்தொழிலுக்கு வந்தவர்கள். அப்படிப் பிழிந்த தேன் விரைவில் புளித்துவிடும் என்பதால் அவர்களுக்கும் அதில் லாபமில்லை. அறுத்த அடையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தானாக வடிய விட வேண்டும். அதற்கு ஓர் இரவாவது பொறுமை தேவை.

1990-களின் தொடக்கத்தில் ஒரு வைரஸ் நோய், பெட்டியிலும் வளர்க்கப்படும் அடுக்குத்தேனீயின் கூட்டங்களைத் தென்னிந்தியாவில் பெருமளவில் அழித்தது. அன்று காட்டில் தப்பிப் பிழைத்த கூட்டங்களிலிருந்துதான் தேனீப் பெட்டிகள் மெல்ல மீண்டன. உசிலம்பட்டிப் பக்கத்தில் பெட்டி வைத்துத் தேன் எடுப்பவர்களுக்கும் மலையிலுள்ள பொந்துகள் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

நன்னாரி, உசிலை போன்ற மூலிகைகளை எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இலையா, காயா, வேரா என்பதைத்தான். உசிலம்பட்டிக்குப் பெயர் தந்த உசிலை மரத்தின் இலையைக் காய வைத்து இடித்தால் அரப்புப்பொடி. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் எங்கள் வீட்டில் சோப்புக்கு இடமில்லை. கிளையின் நுனி இலையை உருவினால் மரம் மறுபடி தழைத்துவிடும். நெல்லியையும் கடுக்காயையும் கிளையை ஒடிக்காமல் உலுக்கி எடுத்தால் போதும். ஆவாரையைப் பூவுக்காகப் பறித்தால் செடிக்குத் தீங்கில்லை. முன்பு திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலுக்காக அதன் பட்டையை உரித்தபோது செடி முழுவதும் போனது.

நன்னாரி அப்படியல்ல, அதன் மருந்து வேரில் இருக்கிறது. மதுரையில் ஜிகர்தண்டா குடிக்கும் ஒவ்வொருவர் நாவிலும் நன்னாரியின் மணம் தங்குகிறது, அந்த மணத்தின் தொடக்கம் ஏதோ ஒரு கரட்டில் குந்தி உட்கார்ந்து கடப்பாரைக் கம்பியால் மண்ணைக் கிளறும் ஒரு பெண்ணின் கையில் இருக்கிறது. மெல்லிய கொடியைப் பிடித்துக்கொண்டே போய், கல் இடுக்கில் அது இறங்கும் இடத்தைக் கண்டு, சுற்றி மண்ணை எடுத்தால் கருஞ்செந்நிற வேர் விரல் தடிமனில்கூட வராமல் நீளமாக ஓடும். அதன் மணம் அப்போதே எழும். வேரில் ஒரு பகுதியை அறுத்துக்கொண்டு, கொடியோடு சேர்ந்த அடிவேரை விட்டு, குழியை மூடினால் அது மறுபடி துளிர்க்கும். அடியோடு பிடுங்கிக் குழியைத் திறந்தே விட்டுப் போனால் அந்த இடத்தில் இனி நன்னாரி இல்லை. எடைக்குக் காசு என்று வியாபாரி அவசரப்படுத்தும்போது இந்த ஒழுங்கு குலைகிறது. ஒரு கரட்டில் ஓராண்டு எடுத்தால் அடுத்த இரண்டு ஆண்டுகள் விட்டுவைப்பது என்று ஊரே முடிவு செய்து, அதைக் கிராம சபைத் தீர்மானத்தில் எழுதுவதை நான் பரிந்துரைக்கிறேன். வீட்டுக் கொல்லையிலும் வேலியோரத்திலும் நன்னாரி நன்றாக வரும். விற்பனைக்கு அதை வளர்ப்பதே நல்லது.

சேகரித்ததை விற்கலாமா? வியாபாரி சொல்லும் விலைதானா?

உரிமை ஏற்கப்பட்ட ஊர் சிறு வனப்பொருளை விற்கலாம். குடும்பத் தேவைக்குப் போக மிஞ்சியதை விற்பதும் வாழ்வாதாரத்தில் அடங்கும் என்று விதிகள் சொல்கின்றன. 2012-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, எடுத்துச் செல்வதற்கான அனுமதிச் சீட்டையும் கிராம சபை அமைத்த குழுவே வழங்கலாம். சிறு வனப்பொருளுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை நிர்ணயிக்கும் மத்திய அரசுத் திட்டம் 2013-14 முதல் இருக்கிறது. தேனும் புளியும் அந்தப் பட்டியலில் உண்டு. விலை பேசும் முன் அந்த ஆண்டின் விலையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேனைப் புட்டியில் அடைத்து விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். சிறிய அளவில் விற்பவர்களுக்கு எளிய பதிவே போதும்.

தனித்தனியாக விற்றால் முன்பணம் கொடுத்த வியாபாரியின் தராசுதான் பேசும். பத்து வீடுகள் சேர்ந்து கடுக்காயையும் நெல்லியையும் உலர்த்தித் தரம் பிரித்தால் பேரம் மாறுகிறது. ஈரத்தோடு விற்பதற்கும் உலர்த்தி விற்பதற்கும் விலையில் உள்ள வேறுபாடு, கூடை சுமந்தவருக்கு வந்து சேர வேண்டிய பணம்.

பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தால் எங்கள் ஊர்க் காட்டுக்குள் நாங்களே போக முடியாதா?

போகலாம். இந்த அச்சம் மேலூர்ப் பக்கத்தில் பலருக்கு இருக்கிறது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் 193 ஹெக்டேர் பரப்பு 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அழகர் மலைக் காட்டை ஒட்டித் திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கும் காசம்பட்டி வீரகோயில் காடு, 5 ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவான சிறு கோயில்காடு, 2025-இல் இரண்டாவதாக அறிவிக்கப்பட்டது. இது 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் வருவது. சரணாலயம் போல ஊராரை விலக்கி வைப்பது இதன் நோக்கம் அன்று. ஊர் மக்களின் நடைமுறை வழக்கங்களுக்கு அவர்களே விரும்பி ஏற்பதைத் தவிர வேறு கட்டுப்பாடு கூடாது என்பதே இதற்கான வழிகாட்டுதல்.

அந்த அறிவிப்பின் பயனை 2024-இல் கண்டோம். அரிட்டாபட்டியை உள்ளடக்கிய ஏறத்தாழ 2,000 ஹெக்டேர் பரப்பில் டங்ஸ்டன் கனிமம் எடுப்பதற்கான ஏலம் அந்த ஆண்டு நவம்பரில் முடிவானபோது, மேலூர் வட்டாரமே எழுந்து நின்றது. ஊர் ஊராகக் கிராம சபைத் தீர்மானங்கள், டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம், மதுரை நோக்கிய பேரணி என்று தொடர்ந்த எதிர்ப்புக்குப் பிறகு 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தங்கள் குன்றுகளும் சுனைகளும் கண்மாய்களும் எழுத்தில் பதிவாகியிருந்தது அந்த மக்களின் வாதத்துக்கு வலுவூட்டியது. கோயில்காட்டில் ஒரு குச்சியையும் ஒடிக்கக் கூடாது என்ற வழக்கம் உள்ள ஊர்கள் நம் பக்கத்தில் பல இருக்கின்றன. அந்த வழக்கத்தை, ஊரின் உயிரினங்களையும் வழக்கங்களையும் குறித்து வைக்கும் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.

காட்டு மரத்தை விட்டுவிட்டுச் சீமைக்கருவேலத்தை வெட்டினால் போதாதா?

பெரிய அளவுக்குப் போதும் என்றே சொல்வேன். கண்மாய்களையும் தரிசுகளையும் அடைத்துக்கொண்டிருக்கும் இந்த மரத்தை அகற்றுமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-இல் ஆணையிட்டதும், அதைத் தொடர்ந்து வழக்கறிஞர்களும் மாணவர்களுமே அரிவாளோடு இறங்கியதும் நினைவிருக்கும். வெட்டினால் மட்டும் போதாது, தூரைத் தோண்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழைக்குள் இரு மடங்காகத் தழைத்துவிடும். திருமங்கலத்துக்குத் தெற்கே கரிமூட்டம் போடும் குடும்பங்களுக்கு இதுவே பிழைப்பு. விறகைக் கூம்பாக அடுக்கி, வைக்கோலும் தழையும் போர்த்தி, மண் பூசி, காற்றுக்குச் சிறு துளைகள் விட்டுத் தீ வைத்தபின், இரவு பகலாகப் புகையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூட்டத்தில் ஓரிடம் உள்வாங்கினால் உடனே மண் போட்டு அடைக்காவிட்டால் அத்தனையும் சாம்பலாகிவிடும். அந்த மரத்தை வேரோடு அகற்றும் திட்டம் எதுவானாலும், அவர்களுக்கு மாற்றுத் தொழில் என்ன என்பதையும் சேர்த்தே வகுக்க வேண்டும்.

புது புல் முளைக்கும் என்று கோடையில் மலைக்குத் தீ வைப்பது வழக்கம்தானே?

அந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் உயிரிழந்தனர். போதைப்புல் என்ற மலைப்புல் காய்ந்து நிற்கும் சரிவில் தீ மனிதரின் ஓட்டத்தைவிட வேகமாக மேலேறும். புல் முளைக்கும், ஆனால் அதோடு நெல்லிக் கன்றும் நன்னாரிக் கொடியும் தரையில் கூடு கட்டிய கௌதாரியும் போகும். தீயைக் கண்டால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மாசி மாதத்தில் முயல் வேட்டைக்குப் போவது ஊர் வழக்கம். அதற்கு இந்தச் சட்டத்தில் உரிமை உண்டா?

இல்லை. வன உரிமைச் சட்டம் வேட்டையை வெளிப்படையாக விலக்குகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல், உடும்பு, கௌதாரி எதைப் பிடித்தாலும் குற்றமே.

விண்ணப்பம் கொடுத்திருக்கும்போதே விறகுக் கட்டைப் பிடுங்கினால் என்ன செய்வது?

வாக்குவாதம் செய்யாதீர்கள், தனியாகவும் போகாதீர்கள். பிடித்தவரின் பதவி, இடம், நாள், நேரம், எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள் ஆகியவற்றை அன்றே ஒரு தாளில் எழுதி, உடன் இருந்தவர்களிடம் கையொப்பம் வாங்குங்கள். பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாத தொகையைக் கட்ட வேண்டியதில்லை. அந்தத் தாளின் நகலோடு, வன உரிமைக் குழுவின் விண்ணப்பப் பதிவு எண்ணையும் கிராம சபைத் தீர்மானத்தின் நகலையும் இணைத்துக் கோட்டாட்சியருக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். விண்ணப்பத்தின் ஒப்புகைச் சீட்டை நகலெடுத்து, காட்டுக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணும் சேலை முந்தியில் முடிந்து வைத்திருக்கும் ஊர் ஒன்று எனக்குத் தெரியும். நெகிழிப் பையில் சுற்றி, சும்மாட்டுத் துணிக்குள்ளும் ஒன்று வைத்திருக்கிறார்கள்.